நாய், கல்லறை, மாடல் ரயில்: லண்டனில் ஒரு உயில் எழுதிய அனுபவம்

லண்டனில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஆங்கிலேயப் பாட்டி தனியாக இருக்கிறார். அவர் உயில் எழுத முடிவு செய்தபோது அதை நிறைவேற்றும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். அவருக்கு மூன்று ஆசைகள். நாயைக் கடைசிவரை யாராவது நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கணவரின் கல்லறை என்றைக்கும் பராமரிக்கப்பட வேண்டும். கணவர் கராஜில் கட்டிய மாடல் ரயில் தொடர்ந்து ஓட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரஸ்ட் போட்டுப் பணத்தை ஒதுக்கினால் போதும் என்று நாங்கள் சொலிசிட்டரிடம் (வழக்கறிஞரிடம்) போனோம்.

அவர் முதலில் கேட்டது, "டிரஸ்டி பணத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் யார் கோர்ட்டுக்குப் போவார்கள்?" நாய் போகாது, ரயிலும் போகாது. இங்கிலாந்துச் சட்டத்தின் அடிப்படையே இதுதான். ஏழைகளுக்கு உதவி, கல்வி போன்ற அறப்பணி என்றால் பொதுமக்கள் சார்பில் அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் தலையிடலாம். மற்றபடி, டிரஸ்டை நிறைவேற்றச் சொல்லிக் கேட்க ஒரு ஆள் இருந்தாக வேண்டும். டர்ஹாம் பிஷப் சம்பந்தப்பட்ட வழக்கில் 1804-ல் நீதிபதி வில்லியம் கிராண்ட் சொன்ன இந்த விதி இன்றும் நிற்கிறது.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஒருவர் தனக்கு 'பயனுள்ள நினைவுச்சின்னம்' அமைக்கச் சொல்லி நார்த் டாட்டன் ஊராட்சி மன்றத்துக்குச் சொத்தை எழுதிவைத்தார். எண்டகாட் வழக்கு என்பார்கள். 1959-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது. பெர்னார்ட் ஷா புதிய ஆங்கில எழுத்துமுறைக்காக ஒதுக்கிய பணத்துக்கும் 1957-ல் அதே கதிதான்.

விதிவிலக்குகள் உண்டு. 1842-ல் ஒருவர் தன் கறுப்புக் குதிரைக்கு வருடம் 50 பவுண்டு எழுதிவைத்தார், கோர்ட் ஏற்றது. 1930-களில் ஹூப்பர் வழக்கில் குடும்பக் கல்லறைகளுக்கான பணத்தை 21 வருடத்துக்கு அனுமதித்தார்கள். ஆனால் எண்டகாட் தீர்ப்பு இந்தப் பட்டியல் இனி நீளாது என்று சொல்லிவிட்டது. அதிலும் டிரஸ்டி மனம் வைத்தால்தான் காரியம் நடக்கும்; அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. சாதாரண டிரஸ்டுகளின் கால வரம்பை 2009-ம் ஆண்டுச் சட்டம் 125 வருடமாக்கியபோதும் இந்த விதிவிலக்குகளின் கால வரம்பைத் தொடவில்லை.

பாட்டிக்கு முகம் வாடிவிட்டது. "21 வருடத்துக்கு அப்புறம்?" என்று கேட்டார். எனக்கும் அதே வருத்தம்தான். நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவரின் கல்லறையில் புல் மண்டக்கூடாது என்று ஒருவர் நினைப்பதில் என்ன தவறு?

அதற்கும் வழி இருந்தது. 1970-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, கல்லறைத் தோட்டத்தை நடத்தும் கவுன்சில் பணம் வாங்கிக்கொண்டு 99 வருடம் வரை ஒரு கல்லறையைப் பராமரிக்க ஒப்பந்தம் போடலாம். பாட்டி உயிலுக்குக் காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பம் கொடுத்துவிட்டார். நாய், சட்டப்படி ஒரு சொத்துதான். அதனால் நாயையும் ஒரு தொகையையும் சேர்த்துப் பாட்டியின் அண்ணன் மகள் பேருக்கே எழுதியாயிற்று. என்ன சாப்பாடு, எந்த டாக்டர் என்பதெல்லாம் தனிக் கடிதத்தில்.

ரயில்தான் இழுத்தடித்தது. கராஜ் சுவரில் கணவர் கையால் எழுதிய டைம்டேபிள் இன்னும் ஒட்டியிருக்கிறது, 7.42 வண்டிக்கு மட்டும் சிவப்பு மை. 'ரயிலை ஓட்டுவதற்காக' என்று எழுதினால் செல்லாது. கடைசியில் சொலிசிட்டர் சொன்னபடி, பாட்டியின் கணவர் உறுப்பினராக இருந்த மாடல் ரயில் கிளப்பின் பொதுநிதிக்கே பணத்தை எழுதினோம். கிளப்புக்கு ஆட்கள் இருக்கிறார்கள், விதிகள் இருக்கின்றன. அதனால் சட்டம் ஏற்கிறது. பணத்தை வேறு எதற்காவது செலவழிக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்பதையும் பாட்டியிடம் மறைக்கவில்லை. கிளப் செயலாளர் நேரில் வந்து, மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து வயரிங் முழுவதையும் பார்த்த பிறகுதான் பாட்டி சம்மதித்தார்.

இதுபோல எழுத நினைப்பவர்கள் கல்லறை விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கவுன்சிலும் அந்த ஒப்பந்தம் போடுவதில்லை. உயிலில் கையெழுத்திடும்போது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். உயிலில் பங்கு பெறுபவரையோ அவருடைய கணவன், மனைவியையோ சாட்சியாக வைத்தால் அந்தப் பங்கு கிடைக்காமல் போய்விடும். அண்ணன் மகளை அன்று வர வேண்டாம் என்று சொன்னது அதனால்தான்.