புகைக்குழாய்க்கு இரண்டு முறை பணம் கொடுத்த கதை

எங்கள் குடியிருப்பின் ஜெனரேட்டர் மீது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து வந்த நோட்டீஸ் போன வாரம் ஒருவழியாக முடித்து வைக்கப்பட்டது. நான்கு மாத அலைச்சல். சங்கச் செயலாளர் பதவியை யாரும் ஏற்க முன்வராத கூட்டத்தில் தலையைக் குனிந்து கொள்ளாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது என் தவறு.

கீழே வாகன நிறுத்தம், மேலே நான்கு மாடி. மதிலை ஒட்டித் தகரக் கொட்டகையில் 2016இல் வாங்கிய 100 கேவிஏ (மின்திறனின் அளவு) டீசல் ஜெனரேட்டர். மழைக்காலத்தில் ஒருநாள் ஆறு மணி நேரம் மின்சாரம் இல்லை. மறுநாள் முதல் மாடிப் பெரியவர் கரி படிந்த வேட்டி ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். ஒப்பந்ததாரரைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி இரண்டு மாதம் ஓட்டினேன். அவர் வாரியத்துக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டார், நோட்டீஸ் வந்தது. அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அந்த வேட்டியைப் பார்த்தவன் நான்.

வாரிய அலுவலகத்துக்கு முதல்முறை போனபோது என்ன கொண்டு போக வேண்டும் என்று விசாரிக்காமல் போய்விட்டேன். டீசல் ரசீதுகளும் பராமரிப்பு ஒப்பந்தமும் எதற்கும் பயன்படவில்லை. எழுத்தர் நான்கு வரி எழுதிக் கொடுத்தார்: இயந்திரத்தின் வகைச் சான்றிதழ் (அந்த வகை இயந்திரம் மாசு விதிக்கு உட்பட்டது என்பதற்கான சான்று), ஒலி அளவீட்டு அறிக்கை, புகைக்குழாயின் உயரம் தெரியும் படம், ஓட்டப் பதிவேடு. இரண்டாம் முறை போனபோது அதிகாரி கள ஆய்வுக்குப் போயிருந்தார். போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அரை நாள் விடுப்பு வீணானது.

சான்றிதழ் எங்களிடம் இல்லை. முந்தைய செயலாளர் விட்டுச்சென்ற பெட்டியில் லிஃப்ட் காகிதங்கள்தான் இருந்தன. ஜெனரேட்டரை விற்ற முகவரிடம் கேட்டால், "அதெல்லாம் பழைய கணக்கு சார், இதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விலைப்பட்டியலை அனுப்பினார். புதியது உண்மையிலேயே சுத்தமானதுதான். எங்கள் அளவு இயந்திரம் ஒரு கிலோவாட்-மணிக்கு 0.2 கிராம் வரை புகையில் கரித்துகள் விடலாம் என்பது 2014இல் வந்த விதி. 2023 ஜூலை 1 முதல் தயாராகும் இயந்திரத்துக்கு அதே அளவு 0.02 கிராம், பத்தில் ஒரு பங்கு. ஆனால் புதிய விதி புதிதாகத் தயாராகும் இயந்திரத்துக்கு. 2016இல் தயாரானது 2016இன் விதிக்குப் பொருந்தினால் போதும். இதை முகவர் எனக்குச் சொல்லவில்லை. நானாகப் படித்துத் தெரிந்துகொள்ளும் வரை ஒரு வாரம் தூக்கமில்லை.

இயந்திரத்தின் உடம்பிலேயே ஒரு தகடு இருக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. தயாரிப்பாளர் பெயர், சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள் 1986க்கு உட்பட்டது என்ற வாசகம், சான்றிதழ் எண் ஆகியவை அதில் இருக்கும். எங்கள் இயந்திரத்தில் தேடினால் எங்கும் இல்லை. எரிபொருள் வடிகட்டிக்குப் பக்கத்தில் மட்டும் சாம்பல் நிறப் பெயிண்ட் கொஞ்சம் தடித்திருந்தது. யாரோ புண்ணியவான் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று தகட்டின் மேலேயே அடித்திருக்கிறார். தின்னரில் துணியை நனைத்து, காவலர் டார்ச் பிடிக்க, அரை மணி நேரம் தேய்த்தேன். முதலில் ஒரு 7 தெரிந்தது. பிறகு முழு வரிசையும் தெரிந்தது. அந்த எண்ணைப் படம் எடுத்துத் தயாரிப்பாளருக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றாம் நாள் சான்றிதழின் நகல் வந்துவிட்டது. முகவர் மூலம் போயிருந்தால் இன்னும் காத்திருப்பேன்.

ஒலி அளவீட்டில், இயந்திரத்தை மூடியிருக்கும் சத்தம் தடுக்கும் கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு 79 வந்தது. கூண்டையே மாற்ற வேண்டும் என்றார் ஒருவர். சோதிக்க வந்த பையன் கதவோரத்தில் விரலை விட்டுக் காட்டினான். ரப்பர் பட்டை நைந்து பாதி இடத்தில் இல்லவே இல்லை. புதுப் பட்டை ஒட்டி மறுபடி அளந்தோம்: 74. மொத்தக் கதையில் மலிவாக முடிந்தது இது ஒன்றுதான்.

இனி குழாய். விதி சிறியது: கேவிஏவின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கி, கட்டட உயரத்தோடு கூட்ட வேண்டும். நூறின் வர்க்கமூலம் பத்து, ஆக இரண்டு மீட்டர். எங்கள் பழைய குழாய் இரண்டு மீட்டர் இருந்தது. கொட்டகையின் கூரைக்கு மேலே! அதாவது தரையிலிருந்து நாலரை மீட்டர், நேராக முதல் மாடிப் பால்கனியின் மட்டம். பொருத்தியவருக்கு 'கட்டடம்' என்றால் கொட்டகை. அதிகாரி கோபப்படவில்லை. படத்தைத் திருப்பி என் பக்கம் வைத்து, "புகை யார் வீட்டுக்குள் போகிறது என்று பாருங்கள், எந்தக் கட்டடம் என்று தெரிந்துவிடும்" என்றார். கட்டடம் 14 மீட்டர், எனவே குழாய் 16 மீட்டர்.

ஒப்பந்ததாரரிடம் உயரத்தை மட்டும் சொன்னேன். அகலத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பழைய நான்கு அங்குலக் குழாயையே சுவரோரம் ஏற்றி, ஜன்னல் வெயில் மறைப்புகளைச் சுற்றி நான்கு இடத்தில் செங்கோணமாக வளைத்து, உச்சியில் மழைக்குத் தொப்பியும் கவிழ்த்துவிட்டார். பார்க்க அழகாக இருந்தது. ஓட்டிப் பார்த்தால் முன்பைவிடக் கறுப்பாகப் புகை. இருபது நிமிடத்தில் இயந்திரம் சூடேறி நின்றுவிட்டது. ஒப்பந்ததாரர் டீசலைக் குறை சொன்னார்.

சர்வீஸ் மெக்கானிக் வந்து பார்த்தார். ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். குழாயை அடியிலிருந்து உச்சிவரை ஒரு முறை பார்த்துவிட்டு, "மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடச் சொன்னால் யார் ஓடுவார்கள்?" என்றார். நீளமும் வளைவும் கூடக்கூடப் புகை வெளியேறச் சிரமப்படுமாம். பேக் பிரஷர், அதாவது வெளியேற முடியாத புகை இயந்திரத்தைத் திருப்பி அழுத்துவது, ஏறினால் எரிப்பு கெட்டு, கரி கூடும். ஆறு அங்குலக் குழாய், இரண்டே வளைவு, அவையும் மெதுவாக வளைய வேண்டும், தொப்பிக்குப் பதில் புகை வரும்போது தானே திறக்கும் மூடி, அடியில் தண்ணீர் வடிய ஒரு திருகு என்று சுவரில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். இயந்திரத்தோடு சேரும் இடத்தில் நெளியும் இணைப்பு இல்லையென்றால் அதிர்வில் வெல்டிங் விட்டுவிடும் என்றும் எச்சரித்தார். அந்த வரைபடத்தை நான் இன்னும் அழிக்கவிடவில்லை.

பழையதைக் கழற்றிப் புதியதை ஏற்ற மறுபடி செலவு. பொதுக்குழுவில் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை. நீங்கள் குழாய் போடுவதாக இருந்தால் உயரம், விட்டம், வளைவுகளின் எண்ணிக்கை மூன்றையும் எழுதி, இயந்திரத்தின் சர்வீஸ் ஆளிடம் காட்டிய பிறகே வேலையைக் கொடுங்கள். முழு லோடில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் பாக்கியைத் தராதீர்கள். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், கடைசித் தவணையைப் பிடித்து வைத்திருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம் முடிந்தது. அதிகாரி வந்தார், ஓட்டச் சொன்னார், மொட்டை மாடிக்கு ஏறி மூடி திறப்பதைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். முதல் மாடிப் பெரியவர் பால்கனியில் மறுபடி வேட்டி காயப்போடுகிறார். ஒப்பந்ததாரர் பாக்கிக்காக வாரம் இரண்டு முறை அழைக்கிறார். நான் எடுப்பதில்லை.