நம் வலைக்குள் பந்தை அடித்தவருக்குக் கைதட்டலாமா?

பல ஆண்டுகள் நம் அணிக்காக ஆடிய ஒருவர் வேறோர் அணியின் ஜெர்ஸியில் வந்து நமக்கு எதிராகவே கோல் அடிக்கும்போது, ரசிகர்களாகிய நாம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி கால்பந்தில் ஒவ்வொரு சீசனிலும் எழுகிறது. கைதட்டுவதுதான் பெருந்தன்மை என்கிறார்கள் சிலர். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனுக்கு எதற்குக் கைதட்டல் என்று கொதிக்கிறார்கள் வேறு சிலர். அந்த வீரருக்குக் கைதட்டத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் ஆட்டம் இன்னும் யார் பக்கமும் சாயாமல் இருக்கும்போது, அவர் அடித்த கோலுக்காக, அந்தக் கோல் விழுந்த நொடியில் கைதட்டக் கூடாது என்றும் அதே உறுதியோடு நினைக்கிறேன்.

2014 செப்டம்பர் 21 அன்று மான்செஸ்டர் சிட்டியின் எட்டிஹாட் அரங்கில் செல்சி ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது, 78ஆவது நிமிடத்தில் சிட்டியின் மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கியவர் ஃபிராங்க் லாம்பார்ட். செல்சியில் 13 ஆண்டுகள் ஆடி, 211 கோல்கள் அடித்து, அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர் என்ற இடத்தைப் பிடித்திருந்த அவர், ஒப்பந்தம் முடிந்து அங்கிருந்து வெளியேறிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் உள்ளே வந்தபோது செல்சி ரசிகர்களும் கைதட்டி வரவேற்றார்கள். ஏழு நிமிடங்கள் கழித்து, 85ஆவது நிமிடத்தில், செல்சியின் வெற்றியைப் பறித்த கோலை அடித்தவரும் அவரே. ஆட்டம் 1-1 என்று முடிந்தது. அவர் கொண்டாடவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்தது 78ஆவது நிமிடத்துக் கைதட்டல்தான். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரியாத நிலையில், அவர் கோல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் மாறாத ஒன்றுக்காக, அதாவது கடந்துபோன 13 ஆண்டுகளுக்காக, அந்த ரசிகர்கள் தட்டினார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது என்பதற்குக் கால்பந்தில் இதைவிடப் பொருத்தமான காட்சியை நான் அறியேன்.

கோல் விழுந்த நொடிக்கு ஏன் விலக்கு கேட்கிறேன் என்றால், அந்த நொடியில் களத்தில் இருப்பவர் அந்தப் பழைய வீரர் மட்டும் அல்லர். வலைக்குள் கிடக்கும் பந்தைக் குனிந்து எடுக்கும் நம் கோல்கீப்பர் இருக்கிறார். தன்னைத் தாண்டி ஓடியவரைப் பிடிக்க முடியாமல் போன நம் தடுப்பாட்டக்காரர் இருக்கிறார். அவர்களில் ஒருவர் போன மாதம்தான் நம் அணியில் சேர்ந்த இருபது வயது இளைஞராக இருக்கலாம். தங்கள் தவற்றின் கனம் முழுவதையும் அவர்கள் சுமந்து நிற்கும்போது, தங்களுக்காக வந்த கூட்டமே அந்தத் தவற்றைப் பயன்படுத்திக்கொண்டவரைப் பாராட்டி எழுந்து நின்றால், அந்தச் சத்தம் அவர்கள் காதில் எப்படி விழும்? கைதட்டுகிறவர் நல்ல மனத்தோடுதான் தட்டுகிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும், நம் இன்றைய அணி நம்மிடம் எதிர்பார்க்கக்கூடிய குறைந்தபட்ச விசுவாசம், அடி விழுந்த அடுத்த நொடியில் அவர்கள் பக்கம் நிற்பதுதான். பாட வேண்டியிருந்தால் அப்போது நம் கோல்கீப்பரின் பெயரைத்தான் பாட வேண்டும்.

ஆட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, அந்தக் கோலால் என்ன ஆகிவிடப்போகிறது என்று சொல்பவர்களுக்கு ஃபெர்னாண்டோ மோரியென்டஸின் கதையை நினைவூட்டுவேன். 2004ஆம் ஆண்டு சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில், ரியல் மாட்ரிட் கிளப்பே இரவலாக அனுப்பியிருந்த அவர், மொனாக்கோ அணிக்காக மாட்ரிட்டின் சொந்த மைதானமான பெர்னபேயுவில் ஆட வந்தார். மாட்ரிட் 4-1 என்று முன்னிலையில் இருந்தபோது அவர் ஒரு கோலைத் திருப்பினார். ஆறுதல் கோல் என்றே எவருக்கும் தோன்றியிருக்கும். இரண்டாவது ஆட்டத்தில் மொனாக்கோ 3-1 என்று வென்றது. அதிலும் ஒரு கோல் மோரியென்டஸுடையது. மொத்தக் கணக்கு 5-5 என்று சமமாகி, எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி என்ற அந்நாளைய விதியால் மாட்ரிட் வெளியேறியது. (இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் இரவல் வீரர் தன் தாய்க் கிளப்புக்கு எதிராக ஆடவே முடியாது. அந்த விதி எவ்வளவு சங்கடங்களைத் தவிர்க்கிறது என்பது இந்தக் கதையைப் படித்தால்தான் புரியும்.)

ஆட்டம் உண்மையிலேயே கைவிட்டுப் போன பிறகு எழும் கைதட்டலுக்கு நான் தடை சொல்லமாட்டேன். 2005 நவம்பரில் பெர்னபேயுவில் ரொனால்டின்யோ பார்சிலோனாவின் மூன்றாவது கோலை அடித்தபோது மாட்ரிட் ரசிகர்கள் சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். 2018 ஏப்ரலில் கிறிஸ்டியானோ ரொனால்டோ அந்தரத்தில் தலைகீழாகப் பாய்ந்து அடித்த கோலுக்கு யுவென்டஸ் ரசிகர்கள் தங்கள் அரங்கிலேயே எழுந்து நின்றார்கள். அதுவரை ஒருநாளும் தங்கள் அணியில் ஆடியிராத ஒருவரின் ஆட்ட அழகுக்கே அத்தனை மரியாதை கிடைக்கிறது என்றால், நமக்காக எலும்பு முறிய ஓடிய ஒருவருக்கு அதை மறுப்பதற்குக் காரணமே இல்லை.

அவர் நம்மை விட்டுப் போன விதம் பெரிய விஷயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிளப் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் அனுப்பிய லாம்பார்டையும், ஒப்பந்தத்தில் ஓராண்டு மீதமிருக்கையில் ஆர்சனலை விட்டு நேர் போட்டியாளரான மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போன ராபின் வான் பெர்சியையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க மனம் ஒப்பாதுதான். 2013 ஏப்ரலில் வான் பெர்சி ஆர்சனலின் எமிரேட்ஸ் அரங்குக்குத் திரும்பியபோது அவருடைய புதிய அணி லீக் பட்டத்தை வென்றுவிட்டிருந்தது. மரபுப்படி ஆர்சனல் வீரர்கள் இருபுறமும் வரிசையாக நின்று மரியாதை செய்ய, அரங்கம் அவரை ஊளையிட்டு வரவேற்றது. அன்று பெனால்டியில் அவர் கோல் அடித்தார், கொண்டாடவில்லை. அந்த ஊளையை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, அதில் பங்குகொள்ள முடியாது. கோப்பை வெல்ல முப்பது வயதுக்குள் கிடைக்கும் சில ஆண்டுகளே ஓர் ஆட்டக்காரரின் கையிருப்பு. அவற்றை எங்கே செலவிடுவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். பார்சிலோனாவிலிருந்து மாட்ரிட்டுக்குப் போன லூயிஸ் ஃபிகோவை நோக்கி 2002இல் பன்றித் தலையை எறிந்ததைப் போன்ற செயல்களுக்கு எந்த வகையான கோபமும் நியாயம் ஆகாது. கைதட்ட மனம் வராதவர் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். அவரையும் யாரும் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை.

பழைய அணிக்கு எதிராகக் கோல் அடித்தவர் கொண்டாடக் கூடாது என்று கேட்பதும் எனக்கு ஏற்புடையதல்ல. அவருக்குச் சம்பளம் தரும் இன்றைய கிளப்பின் ரசிகர்களுக்கும் அந்த மகிழ்ச்சியில் உரிமை உண்டு. 2009இல் ஆர்சனலின் முன்னாள் வீரர் எம்மானுவேல் அடபயோர் மைதானத்தின் முழு நீளத்தையும் ஓடிக் கடந்து ஆர்சனல் ரசிகர்களின் முன்னால் போய்க் கொண்டாடியது வம்புக்கு இழுப்பது. தன் புதிய தோழர்களோடு கட்டித்தழுவிச் சிரிப்பது அப்படியல்ல. 2000 நவம்பரில் ரோமா அணிக்காக ஃபியோரென்டினாவுக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்த கேப்ரியல் பாடிஸ்டுட்டா அழுதாரே, அந்தக் கண்ணீருக்கு மதிப்பு இருப்பதற்குக் காரணம் யாரும் அதைக் கேட்டுப் பெறவில்லை என்பதுதான். 1993இல் ஃபியோரென்டினா இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டபோதும் கூடவே இருந்து ஆடியவர் அவர்.

அப்படியானால் எப்போதுதான் தட்டுவது? அணிகளின் பெயர்கள் வாசிக்கப்படும்போது தட்டலாம். மாற்றப்பட்டு வெளியே நடந்து வரும்போது தட்டலாம். இறுதி விசில் ஒலித்த பிறகு, தோற்றிருந்தாலும், இன்னும் பலமாகத் தட்டலாம். அன்றே தட்ட முடியாமல் போனாலும் காலம் கடந்துவிடுவதில்லை. யுனைடெட்டுக்காக 237 கோல்கள் அடித்த டெனிஸ் லா, 1974 ஏப்ரல் 27 அன்று சிட்டியின் ஜெர்ஸியில், யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில், குதிகாலால் தட்டி யுனைடெட்டின் வலைக்குள் பந்தை அனுப்பினார். ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்ததால் ஆட்டம் முடியும் முன்பே நின்றது. யுனைடெட் இரண்டாம் பிரிவுக்குப் போனது, மற்ற ஆட்டங்களின் முடிவுகளால் அந்தக் கோல் இல்லாவிட்டாலும் போயிருக்கும். அன்று அவருக்குக் கைதட்ட யாருக்கும் மனம் இருந்திருக்காது. ஆனால் அதே ரசிகர்கள் பிற்காலத்திலும் அவரை ‘அரசர்’ என்றே அழைத்தார்கள். அதே ஓல்ட் டிராஃபோர்டில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது.