நிறுவாமலே ஏற்றுதல்: பைதான் நிரலகத்தை ஒரே ஜிப் கோப்பாகக் கொண்டுசென்ற அனுபவம்

பெங்களூரு அல்சூரில் தமிழ் வாசகர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய படிப்பகத்தில் உபுண்டு இயங்கும் பொதுக் கணினிகள் உள்ளன. அவற்றில் விருந்தினர் கணக்கில்தான் நுழைய முடியும். எதையும் நிறுவ அனுமதியில்லை, இணைய இணைப்பும் எப்போதும் கிடைப்பதில்லை. ஆனால் பைதான் என்னும் நிரல்மொழி இருக்கிறது. மின்னூல்களை எழுத்தெழுத்தாகப் பிரித்து எண்ணுவதற்காக நான் பொழுதுபோக்காக எழுதிவரும் நிரலகத்தை (பிற நிரல்களும் ஏற்றிப் பயன்படுத்தக்கூடிய நிரல் தொகுப்பை) பென் டிரைவில் கொண்டுசென்று, கணினியில் ஒரு தடமும் பதிக்காமல், கட்டளைவரியிலிருந்தே அதை ஏற்றி இயக்க வேண்டும் என்பதே இம்முயற்சியின் நோக்கம்.

நிரலகம் ஏன் தேவைப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைதானிடம் கேட்டால் 5 என்று விடை வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என யூனிகோடு குறியீடுகளை அது தனித்தனியே எண்ணுகிறது. நாம் எண்ணினால் 3 எழுத்து. குறிகளை அவற்றிற்குரிய மெய்யோடு சேர்த்து எண்ணும் வேலையை என் நிரலகம் செய்கிறது. திருக்குறள் கோப்பு ஒன்றைக் கொடுத்தால், முதலடியில் நான்கு சீரும் இரண்டாமடியில் மூன்று சீரும் அமையாத இடங்களைச் சுட்டிக்காட்டவும் செய்கிறது. 1330 குறளுக்கு 9310 சீர் என்பது முன்பே தெரிந்த கணக்கு என்பதால், தட்டச்சுப் பிழைகளைப் பிடிக்க இது மிகவும் உதவுகிறது.

முதலில் தேடுபாதையை, அதாவது ஏற்ற வேண்டிய நிரல்களைப் பைதான் எங்கெங்கே தேடுகிறது என்பதை, புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு நிரலகத்தை ஏற்றுவதற்கான ‘இம்போர்ட்’ கட்டளையை எழுதியதும் பைதான் ஒரு பட்டியலில் உள்ள இடங்களை வரிசையாகத் தேடுகிறது. அதன் முதல் இடம், நாம் பைதானை எப்படி அழைக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். நிரல் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அக்கோப்பு இருக்கும் கோப்புறையும், கட்டளையோடு சிறிய எழுத்து ‘-எம்’ என்னும் தெரிவைக் கொடுத்தால் நாம் அப்போது நிற்கும் கோப்புறையும் முதலிடம் பெறும். பொதுக் கணினியில் இது கவனிக்க வேண்டிய செய்தி. அந்தக் கோப்புறையில் யாரேனும் ‘ரேண்டம்’ என்ற பெயரில் ஒரு பைதான் கோப்பை விட்டுச் சென்றிருந்தால், பைதானோடு வரும் அதே பெயருள்ள தொகுதிக்கு (இம்போர்ட் செய்யக்கூடிய நிரல் கோப்புக்கு) பதிலாக அதுவே ஏறிவிடும். அப்படியொரு கோப்பை வைத்தே சோதித்தேன், அதுதான் ஏறியது. பைதான் 3.11 முதல் உள்ள பெரிய எழுத்து ‘-பி’ தெரிவு, பாதுகாப்பற்ற இந்த முதலிடத்தைச் சேர்க்காமல் விடுகிறது.

பெர்ல், ரூபி ஆகிய பிற நிரல்மொழிகளில் முறையே பெரிய எழுத்து ‘-எம்’, சிறிய எழுத்து ‘-ஆர்’ ஆகிய தெரிவுகள் ஒரு நிரலகத்தை ஏற்றிவிட்டு, அதன் பிறகு நம் நிரலை ஓட்டும். பைதானின் சிறிய எழுத்து ‘-எம்’ அப்படியன்று. பெயர் சொன்ன தொகுதியையே நிரலாக இயக்கிவிடும். ஏற்றி வைத்துக்கொண்டு கையால் கேள்வி கேட்க வேண்டுமானால், இயக்கிய பின்னும் பைதானைத் திறந்தே வைக்கும் ‘-ஐ’ தெரிவோடு, கட்டளைவரியில் எழுதும் நிரலை இயக்கும் ‘-சி’ தெரிவில் இம்போர்ட் வரியைக் கொடுப்பதே எனக்கு வசதியாக இருக்கிறது.

அடுத்து, நிரலகக் கோப்புறையை, பல கோப்புகளை ஒன்றாக அடக்கும் ஜிப் கோப்பாக்கினேன். 2003இல் வெளிவந்த பைதான் 2.3 முதலே ஜிப் கோப்புக்குள்ளிருந்து நேரடியாக இம்போர்ட் செய்ய முடிகிறது. பைதான் கூடுதலாகத் தேட வேண்டிய இடங்களைச் சொல்லும் ‘பைதான்பாத்’ என்ற சூழல் மாறியில் அந்த ஜிப்பின் பாதையைக் கட்டளைக்கு முன்னால் அதே வரியில் எழுதினால் போதும். அந்த ஓர் இயக்கத்துக்கு மட்டும் அது செல்லுபடியாகும், கணினியின் அமைப்பில் எதுவும் மாறுவதில்லை. இதைவிடத் தூய்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆயினும் ஜிப்புக்குள் எல்லாம் வேலை செய்துவிடாது. நிரலகத்தோடு இருந்த சொற்பட்டியலை வழக்கம்போல் கோப்பின் பாதையைக் கொண்டு திறக்க முயன்றால் பிழைச் செய்தி வரும். ஏனெனில் வட்டில் அப்படியொரு கோப்பே இல்லை, ஜிப் என்னும் ஒரே கோப்புதான் இருக்கிறது. ‘இம்போர்ட்லிப்’ தொகுதியின் ‘ரிசோர்சஸ்’ வழியாகப் படித்தால் கோப்புறையிலும் ஜிப்பிலும் ஒன்றுபோல் கிடைக்கிறது. சி மொழியில் எழுதித் தொகுக்கப்பட்ட நீட்சிகளுக்கு அந்த வழியும் இல்லை. அவற்றை நினைவகத்தில் ஏற்றுவது இயங்குதளம். அது வட்டிலுள்ள உண்மையான கோப்பைத்தான் கேட்கும். அதனால் எண்ணும் பகுதியில் நான் பயன்படுத்திவந்த, அத்தகைய நீட்சிகளைக் கொண்ட நம்பை என்னும் கணித நிரலகத்தை நீக்கிவிட்டு, பைதானோடு வரும் ‘கவுன்ட்டர்’ வகையைக் கொண்டு எழுதினேன். இந்த அளவு வேலைக்கு அதுவே போதும்.

ஏற்றும் நேரத்தையும் பார்த்தேன். ‘-எக்ஸ்’ தெரிவோடு ‘இம்போர்ட்டைம்’ என்று கொடுத்தால், ஒவ்வொரு தொகுதியும் எடுத்துக்கொண்ட நேரம் மைக்ரோநொடியில் பட்டியலாக வருகிறது. ஜிப்பில் மூலநிரல் மட்டும் இருந்தால், அதைப் பைதான் தான் இயக்குவதற்காக மாற்றிக்கொள்ளும் தொகுத்த வடிவத்தை ஜிப்புக்குள் எழுதிவைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொகுக்கிறது. முன்கூட்டியே தொகுத்து உள்ளே வைக்கலாம். ஆனால் அந்த வடிவம் பைதானின் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், என் மடிக்கணினியில் தொகுத்தது படிப்பகத்துப் பழைய பதிப்புக்கு உதவாது. அங்குள்ள பைதான் மூலநிரலுக்கே திரும்பிச் செல்லும். ஆகவே மூலநிரலை மட்டும் வைத்தேன்.

இப்போது 3.5 பதிப்பில் சேர்க்கப்பட்ட ‘ஜிப்ஆப்’ தொகுதியைக் கொண்டு, தொடக்கக் கோப்பையும் உள்ளடக்கிய ஒரே கோப்பை உருவாக்கியிருக்கிறேன். ஜிப்பின் உள்ளடக்க அட்டவணை கோப்பின் இறுதியில் இருப்பதால், தலையில் எந்தப் பைதானால் இயக்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்தாலும் ஜிப் கெடுவதில்லை. பைதான் என்று தட்டி, அந்தக் கோப்பின் பெயரையும் நூலின் பெயரையும் கொடுத்தால் எழுத்தெண்ணிக்கை வந்துவிடுகிறது. பிழையான அடிகளை எண்ணோடு தனிக் கோப்பில் எழுதும் தெரிவு மட்டும் பாக்கியிருக்கிறது. அதை முடித்ததும் படிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் நண்பர்களிடம் கோப்பைக் கொடுத்துவிடுவேன்.