நூல் பிடித்துக் கட்டிய மூன்று சக்கர வண்டி

ஹேண்டிலை முழுசாக இடப்பக்கம் ஒடித்துப் பிடித்திருந்தேன். வண்டி நேராகப் போனது. இன்ஜினைக்கூட இன்னும் கிளப்பவில்லை, பின்னால் இருந்து அக்காதான் தள்ளிக்கொண்டிருந்தாள். முன்சக்கரம் திரும்பியபடியே சிமென்ட் தரையில் கறுப்பாகக் கோடு இழுத்துக்கொண்டு சுவரை நோக்கிப் போகிறது.

"டேய், திருப்புடா!"

"திருப்பித்தான்க்கா பிடிச்சிருக்கேன்!"

நான் சொந்தமாகக் கட்டிய முதல் வண்டி இது. பின்பக்கம் அடிபட்டு ஓரமாகக் கிடந்த பழைய பைக் ஒன்றின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் இருந்த இடத்திலிருந்து பின்னால் இரண்டு சக்கரங்களோடு புதிதாக ஒரு பிரேம் கட்டுவது என்று திட்டம். பைக்கில் ஒரு சக்கரம் இருந்த இடத்தில் இப்போது இரண்டு இருக்கப்போகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்திருந்தேன். அன்று அந்தச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றபோது அந்த நினைப்பு போய்விட்டது.

பின்னால் நான் போட்டிருந்தது ஒரே ஆக்சில். 30 மி.மீ. தண்டு, இரண்டு பேரிங், நடுவில் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட், இரண்டு முனையிலும் சக்கரம். செய்ய எளிது, பார்க்கவும் அழகாக இருந்தது. ஆனால் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் போக வேண்டும். எவ்வளவு அதிகம் என்று அன்று ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். என் வண்டியின் பின்சக்கர இடைவெளி 1100 மி.மீ. ஒரு கால்வட்டம் திரும்பினால் இரண்டு சக்கரங்களும் ஓடும் தூரத்தில் 1.73 மீட்டர் வித்தியாசம் வருகிறது. சின்ன வட்டமாக வளைத்தாலும் சரி, மைதானத்தையே சுற்றி வந்தாலும் சரி, கால்வட்டத்துக்கு அதே 1.73 மீட்டர்தான். ஒரே தண்டில் இறுகியிருக்கும் இரண்டு சக்கரங்கள் அந்தத் தூரத்தைத் தரையில் தேய்த்துத்தான் கடக்க முடியும். இரண்டு பின்டயர்களும் ஒட்டிக்கொண்டு நிற்க, ஒற்றை முன்டயர் என்ன செய்யும், வழுக்கத்தான் செய்யும்.

கோ-கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டியில் ஒரே ஆக்சில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். நானும் அதைப் பார்த்துத்தான் போட்டேன். கார்ட்டில் ஹேண்டில் திருப்பும்போது முன்சக்கரங்களின் சாய்வு, உள்பக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிவிடும்படி அமைத்திருப்பார்கள். முன்னால் ஒரே சக்கரம் இருக்கும் வண்டியில் அந்த வித்தை நடக்காது.

சரி, டிஃபரன்ஷியல் வேண்டும், அதாவது இரண்டு சக்கரங்களுக்கும் விசையைக் கொடுத்துக்கொண்டே அவை வெவ்வேறு வேகத்தில் சுற்றவும் விடும் பல்சக்கர அமைப்பு. இந்தப் பொருளுக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் பழைய உறவு உண்டு. ஜேம்ஸ் ஸ்டார்லி 1877-இல் மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிளுக்காக டிஃபரன்ஷியல் செய்தார். 1886-இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் மோட்டார் வண்டியும் மூன்று சக்கரம்தான். முன்னால் இரண்டு சக்கரங்களைத் திருப்ப மனசுக்குப் பிடித்த வழி கிடைக்காததால் ஒன்றே போதும் என்று வைத்துக்கொண்டார். என் வீட்டுத் தரையில் விழுந்த கறுப்புக் கோட்டுக்கு 1877-லேயே பதில் இருந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஸ்ப்ராக்கெட்டை நேராகப் பூட்டக்கூடிய, செயினில் ஓடும் டிஃபரன்ஷியல் ஒன்று வாங்கினேன். அது பழைய தண்டைவிட அகலம். அதனால் பின்பிரேமை வெட்டிவிட்டு மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. வெட்ட மனசே வரவில்லை, ஆனால் வெட்டியது நல்லதாகப் போயிற்று. முதல் பிரேம் கோணலாக இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

முதல் தடவை ஒரு பக்கத்தை முழுசாக வெல்டிங் அடித்து முடித்துவிட்டு அடுத்த பக்கம் போயிருந்தேன். வெல்டிங் ஆறும்போது சுருங்கி இழுக்கும். எந்தப் பக்கம் முதலில் அடித்தோமோ அந்தப் பக்கமே பிரேம் முழுக்க இழுபடும். அக்கா ஹேண்டில் தலையின் நடுவில் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் இன்னொரு முனையை ஆக்சிலின் வலது கோடிக்கும் அப்புறம் இடது கோடிக்கும் கொண்டுபோனேன். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். "இந்தப் பக்கம் ஆறு மில்லி கூடுதலா இருக்குடா" என்றாள். மூன்று தடவை அளந்தோம், மூன்று தடவையும் ஆறு.

இரண்டாவது பிரேமுக்குத் தரையிலேயே சுண்ணக்கட்டியால் நடுக்கோடு போட்டேன். ஹேண்டில் தலையிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு அதன் முனை கோட்டின் மேல் நிற்கும்படி முன்பாதியைக் கட்டைகளில் நிறுத்தினேன். குழாய்களை முதலில் பொட்டு வைத்ததுபோல் டாக் மட்டும் அடித்து, நூல் பிடித்துப் பார்த்து, அப்புறம் இடம் வலமாக மாற்றி மாற்றி, ஒவ்வொரு தடவையும் இரண்டு விரல் நீளம் மட்டும் அடித்தேன். நடுநடுவே கை வைக்கும் சூட்டுக்கு ஆறவிட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. வித்தியாசம் ஒரு மில்லிக்குள் வந்தது. வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், முக்கியம்.

பிரேக் பற்றி ஒரு விஷயம். பின்னால் பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் ஒன்று இருந்த இடத்தில் இப்போது இரண்டு. பழைய மாஸ்டர் சிலிண்டர் இரண்டுக்கும் போதிய எண்ணெய் தள்ளாததால் பெடல் அடிவரை போனது. 12.7 மி.மீ. துளைக்குப் பதில் 15.9 போட்டேன், பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியது, பெடல் உறுதியானது. நிறுத்திவைக்கும் பிரேக் தனியாக வேண்டும். பைக்கைப் போல ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுப் போக முடியாது, சரிவில் உருண்டுவிடும்.

கவிழுமா கவிழாதா என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மூன்று சக்கரம் என்றால் விழவே விழாது என்று பலர் நினைக்கிறார்கள். முன்சக்கரத்திலிருந்து இரண்டு பின்சக்கரங்களுக்கும் தரையில் கோடு போட்டால் ஒரு முக்கோணம் வருகிறது, எடையின் நடுப்புள்ளி அதற்குள்ளேயே இருக்க வேண்டும். முன்னால் போகப் போக முக்கோணம் ஒடுங்கும். அதனால் எடை பின்னாலும் கீழேயும் இருப்பது நல்லது. வீட்டில் உடல் எடை பார்க்கும் மெஷினை ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் வைத்து, மற்ற இரண்டையும் அதே உயரத்துக்குக் கட்டை கொடுத்து, நான் மேலே உட்கார்ந்துகொண்டு அளந்தேன். முன்னால் 84 கிலோ, பின்னால் 78, 78. அதாவது 65 சதவீதம் பின்னால். வளைவில் பிரேக் பிடித்தால் எடை முன்னால் ஓடும், முக்கோணம் ஒடுங்கிய பக்கம் போகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவது இந்த வண்டியில் உயிர்ப் பிரச்சினை.

ஹேண்டில் கனத்துக்கும் வைத்தியம் தேவைப்பட்டது. பைக் சாய்ந்து திரும்பும், இது சாயாது, முழுக்கக் கையால்தான் திருப்ப வேண்டும். பைக்கின் டிரெயில், அதாவது ஹேண்டில் திரும்பும் அச்சை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்கும் முன்டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம், 105 மி.மீ. இருந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைக் கூடுதலாக 4 டிகிரி முன்னால் தள்ளிப் பிடிக்கும் கிளாம்ப் மாற்றியதும் 50 அளவுக்குக் குறைந்து கை இலேசானது. ஆனால் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் உதறியது. உதறலை அடக்கும் ஸ்டியரிங் டாம்பர் போட்டபின் நின்றது.

கட்டி முடித்தாலும் ஓட்ட மறுபடி கற்க வேண்டியிருந்தது. பைக்கில் வேகத்தில் இடப்பக்கம் போக, நம்மை அறியாமலே ஹேண்டிலை ஒரு நொடி வலப்பக்கம் தள்ளுவோம். இதில் அப்படித் தள்ளினால் வண்டி வலப்பக்கமே போகும். இன்னொன்று, நிற்கும்போது காலை ஊன்றும் பழக்கம். ஊன்றினால் பின்சக்கரம் காலின் மேல் ஏறிவிடும். முதல் நாள் முழுக்க அக்கா பக்கத்தில் நடந்து வந்து "காலு, காலு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இதுபோல் செய்ய ஆசைப்படுகிறவர்கள், சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால், பிரேமில் கிரைண்டர் வைப்பதற்கு முன்பே உங்கள் ஊர்ப் பதிவு விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இன்னும் வேலிக்குள்தான் ஓட்டுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே சிமென்ட் தரையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி, டயர்களை நனைத்துக்கொண்டு, முதல் கியரில் ஒரு முழு வட்டம் அடித்தேன். இறங்கிப் பார்த்தால் மூன்று ஈரக் கோடுகள், எங்கேயும் தேய்த்த தடம் இல்லை. அக்கா அளவுநாடாவோடு வந்தாள். பின்சக்கரங்களின் உள்கோட்டுக்கும் வெளிக்கோட்டுக்கும் நடுவே நாலு இடத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஆயிரத்து நூறு. எல்லா இடத்திலயும் ஆயிரத்து நூறுடா" என்றாள். வெயிலில் கோடுகள் காய்வதற்குள் நானும் ஒரு தடவை அளந்துகொண்டேன்.