ரிம் உரசிப் போச்சா? முதலில் நகத்தை ஓட்டிப் பாருங்கள்

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில், பழைய கடைவரிசை முன்னால் காடியை ஓரங்கட்டினால் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) பக்கத்துச் சிமெண்ட் கட்டையில் ரிம் உரசுவது சாதாரணம். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது ரிம் இரண்டும்தான் அதிகம் அடிவாங்கும்.

கீறலில் நகத்தை ஓட்டுங்கள். மாட்டவில்லையா, பாலிஷ் போதும். மாட்டினாலும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். விரிசலையும் வளைவையும் மட்டும் பட்டி பூசி மறைக்காதீர்கள். பட்டி பள்ளத்தை நிரப்பும், பாரம் தாங்காது. செம்பனை லோரி ஓடிக் குழிவிழுந்த சாலையில் உள்விளிம்புதான் வளையும், வெளியே தெரியாது. ஸ்டியரிங் அதிர்ந்தாலோ காற்று மெல்ல இறங்கினாலோ ரிம்மைக் கழற்றிச் சுழற்றிப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் புடைப்பு இருந்தால் பெயிண்ட் பேச்சே வேண்டாம், டயரை மாற்றுங்கள்.

ரிம்மின் முகத்தில் நுண்ணிய வட்டக் கோடுகள் மின்னினால் அது டைமண்ட் கட். கையால் தேய்த்தால் அந்தக் கோடு திரும்ப வராது. கடைசல் இயந்திரம் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் உலோகத்தைச் சீவுவதால் அதையும் ஓரிரு முறைதான் செய்ய முடியும். குரோம் ரிம்மும் வீட்டு வேலை அல்ல.

சாதாரண வெள்ளி, கறுப்பு பெயிண்ட் ரிம் என்றால் இறங்கலாம். வேலை கெடுவது பெரும்பாலும் கழுவுவதில்தான். டயருக்குப் பூசும் பளபளப்பு எண்ணெயில் சிலிக்கோன் இருக்கும். கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பெயிண்ட் மீன்கண் போல் குழிவிடும். சோப்பு போட்டுக் கழுவிக் காயவைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் இரண்டு முறை துடையுங்கள். டயரைக் கழற்றாவிட்டால் காற்றை இறக்கி, ரிம்முக்கும் டயருக்கும் நடுவே சீட்டுக்கட்டு அட்டைகளைச் சுற்றிலும் செருகுங்கள்.

உரசலில் தூக்கி நிற்கும் பிசிறை அரத்தால் சமப்படுத்துங்கள். கூர்முனையில் பெயிண்ட் மெலிந்து அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். 240ஆம் எண் சேண்ட்பேப்பர், பிறகு 400. பள்ளம் இருந்தால் இரண்டு பாக எப்போக்சி பட்டியைச் சற்று மேடாகப் பூசி, இறுகியதும் 400, 600 என்று தேயுங்கள். அலுமினியம் தெரியும் இடத்தில் உலோகத்தைக் கவ்வும் அடிப்பூச்சான எட்ச் பிரைமர்தான் பிடிக்கும், அதையும் அன்றைக்கே அடித்துவிட வேண்டும். 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து பிரைமர் இரண்டு, நிறம் மூன்று, மேலே நிறமில்லாத கிளியர் இரண்டு, எல்லாமே மெல்லிய பூச்சு. இடைவெளி 10, 15 நிமிடம். அவசரப்பட்டுத் தடிமனாக அடித்தால் வழியும்.

நம் ஊர் மழைதான் பெரிய எதிரி. காற்றில் ஈரம் ஏறினால் கிளியர் வெள்ளையாக மங்கிவிடும். காலை வெயில் ஏறிய பிறகு நிழலில் அடித்து, மழை இருட்டுவதற்குள் முடியுங்கள். ஒரு நாள் தொடாதீர்கள்.

நட்டு உட்காரும் குழியிலும் காடியின் ஹப்பில் (ரிம் மாட்டும் நடுத்தட்டு) ரிம் ஒட்டும் பின்முகத்திலும் பெயிண்ட் படக்கூடாது. அது நசுங்கினால் நட்டு தளரும். கையேட்டில் உள்ள முறுக்கத்துக்கு இறுக்கி, 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

நான்கு ரிம்மும் அடிவாங்கியிருந்தால் ஸ்பிரே டின்னோடு மல்லுக்கட்டாமல் பவுடர் கோட்டிங்குக்கு (பெயிண்டைப் பொடியாகத் தூவிச் சுடுவது) கொடுப்பது மேல். 180, 200 டிகிரி அடுப்பில் சுடுவதால் டயர், வால்வு, காற்றழுத்த சென்சார் எல்லாம் கழற்றப்படும். அதனால் பேலன்சிங்கும் புது வால்வும் கூலியில் சேர்ந்ததா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.