ஃபீமேல் டான்ஸர் 2

“நீங்களாக்கா எடுத்தீங்க?” என்று கேட்டாள்.

“க்யூசியில எடுத்திருப்பாங்க” என்றேன்.

க்யூசி என்றால் மற்றவர்கள் முடித்த ஃபைலைச் சரிபார்க்கிற வேலை. அந்த வாரம் எங்கள் டீமில் க்யூசி என்றால் அது நான் மட்டும்தான்.

நடந்தது இவ்வளவுதான். மூன்று வருடம் ஆகிறது. இதைவிடப் பெரிய பொய்களை அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். காய்ச்சல் என்று லீவு போட்டதெல்லாம் கணக்கிலேயே வராது. அவை எதுவும் ராத்திரியில் ஞாபகம் வருவதில்லை. இது வருகிறது.

அப்போது செய்துகொண்டிருந்தது டேக்கிங் வேலை. பழைய படங்களைக் காட்சி காட்சியாகப் பார்த்து, யார் எந்த நொடியில் வருகிறார்கள் என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கிளையன்ட் ஒரு பெயர்ப் பட்டியல் தருவார். பட்டியலில் இருப்பவருக்குப் பெயர் போடலாம். இல்லாதவருக்கு ஆணா பெண்ணா, என்ன செய்கிறார், எத்தனையாவது ஆள், அவ்வளவுதான். ‘வெயிட்டர் 1’, ‘போலீஸ்காரர் 4’ என்று போகும். ஹாலிவுட் மியூசிக்கல் படங்கள் வந்தபோது டீமில் யாரும் தொடவில்லை. ஒரு பாட்டில் நாற்பது பேர் ஆடினால் நாற்பது பேரையும் குறிக்க வேண்டுமே. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தப் படங்கள் எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே பைத்தியம்.

அவற்றில் 1953இல் வந்த ‘கிஸ் மி கேட்’ மட்டும், டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த அவள் கைக்குப் போனது. எம்ஜிஎம் ஸ்டூடியோ முப்பரிமாணத்தில் எடுத்த படம். அதில் ‘ஃப்ரம் திஸ் மொமென்ட் ஆன்’ என்று ஒரு பாட்டு, மூன்று ஜோடிகள். ஆன் மில்லரும் டாமி ராலும் ஒரு ஜோடி, பாபி வேனும் ஜீன் காய்னும் இன்னொன்று, பாப் ஃபாஸியும் கரோல் ஹேனியும் மற்றொன்று. படத்தின் நடனத்துக்குப் பொறுப்பு ஹெர்மஸ் பேன். ஆனால் ஃபாஸியும் ஹேனியும் ஆடும் துண்டை மட்டும் ஃபாஸியே அமைத்தார். ஒரு நிமிடம்கூட வராது. அதுவரை சந்தோஷமாகக் குதித்துக்கொண்டிருந்த பாட்டு சட்டென்று ஜாஸுக்கு மாறும். விரல் சொடுக்கு, வளைந்த முழங்கால், தரையை ஒட்டி ஒரு சறுக்கல். மற்றவர்கள் பறப்பதற்கு ஆடுகிறார்கள் என்றால் இவர்கள் இரண்டு பேரும் தரையில் எதையோ தேடுவதுபோல ஆடுவார்கள். ஃபாஸி பின்னாளில் பெரிய நடன அமைப்பாளராக ஆனாரே, அதன் விதை இங்கே இருக்கிறது என்று சினிமாக்காரர்கள் சொல்வார்கள். நான் பார்ப்பது ஹேனியை. அவருடைய தோளை. பாட்டு சொல்வதற்கு ஒரு இம்மி முன்னால் அந்தத் தோள் சொல்லிவிடும்.

கிளையன்ட் பட்டியலில் ஹேனியும் இல்லை, காய்னும் இல்லை. காய்ன் ‘ஃபீமேல் டான்ஸர் 1’. ஹேனி 2.

அவள் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. என் சீட்டுக்கு வந்து, “அக்கா, இவங்கதான் எல்லாரையும்விட நல்லா ஆடுறாங்க. இவங்களுக்குப் பேரே இல்லையா?” என்று கேட்டாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பதினைந்து வருடமாக நான் ஒருத்தி மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததை இன்னொருத்தி, யாரும் சொல்லாமல், தானாகப் பார்த்துவிட்டாள். பிரேக்கில் டீயை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினேன். பேசியது நான். அவள் கேட்டாள்.

என்ன சொன்னேன் என்று ஓரளவு ஞாபகம் இருக்கிறது. ஹேனி, அந்தக் காலத்து நடன நட்சத்திரம் ஜீன் கெல்லியின் அசிஸ்டன்ட். 1949இல் வந்த ‘ஆன் த டவுன்’ படத்தில் ஒரு நீண்ட பாலே வரும். அதில் மற்ற நட்சத்திரங்களுக்குப் பதில் தேர்ந்த நடனக்காரர்களைக் கெல்லி ஆட வைத்தார், அவர்களில் ஹேனி ஒருவர். ‘ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்’, ‘சிங்கிங் இன் த ரெயின்’ எல்லாவற்றிலும் கெல்லிக்குப் பக்கத்தில் இருந்தவர். ‘சிங்கிங் இன் த ரெயின்’ படத்தின் கடைசியில் வருமே, பச்சை உடையில் நீளக் காலோடு ஒரு பெண், அந்த இடத்துக்குக் கெல்லி முதலில் நினைத்தது ஹேனியைத்தான். தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட் ஒத்துக்கொள்ளவில்லை. சிட் சரீஸ் வந்தார். அந்தக் காட்சியால் சரீஸின் பெயர் எங்கேயோ போனது.

“அப்புறம் அவங்க அதே செட்டுல வேலை பார்த்தாங்களா?” என்று கேட்டாள்.

“பின்ன? அசிஸ்டன்ட் ஆச்சே.”

“கோவம் வந்திருக்காதாக்கா?”

இதற்கு நான் ஏதோ சிரித்து மழுப்பினேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் இரவு அந்த ஃபைல் என் க்யூசி வரிசையில் வந்தது. இரண்டு இடத்திலும் பெயர் போட்டிருந்தாள். ஜீன் காய்ன். கரோல் ஹேனி. ஸ்பெல்லிங்கில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நான் காய்ன் பெயரைச் சொன்னதோடு சரி, ஸ்பெல்லிங் சொல்லவில்லை. அதைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள்.

பார்த்ததும் சந்தோஷம்தான். அப்புறம் இரண்டையும் எடுத்துவிட்டேன்.

ஏன் எடுத்தேன் என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. பட்டியலுக்கு வெளியே ஒரு பெயர் போனால் அது எரர். கிளையன்ட் ஆடிட்டில் பிடித்தால் ஃபைல் முழுவதும் திரும்பி வரும், அவளுடைய ஸ்கோரில்தான் குறையும், என் ஸ்கோரில் இல்லை. புரொபேஷனில் இருக்கிற பெண். அவளைக் காப்பாற்றத்தான் எடுத்தேன். இந்த விதியும் சும்மா வந்ததில்லை. அதற்கு முந்தின வருடம் ஒரு கௌபாய் படத்தில் யாரோ ஒருவர் ஆர்வத்தில், பட்டியலில் இல்லாத ஒரு வில்லனின் அடியாளுக்குப் பெயர் போட்டு, அது ஆள் மாறிப்போய், டீம் மொத்தமும் சனிக்கிழமை வந்து பழைய ஃபைல்களைத் திரும்பப் பார்த்தோம். தப்பான பெயருக்குப் பெயரில்லாததே மேல். இதை நான் ட்ரெயினிங்கில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போதும் சொல்வேன்.

ஆனால் இது தப்பான பெயர் இல்லையே. அந்தக் கட்டடத்தில் அது கரோல் ஹேனிதான் என்று சத்தியம் செய்யக்கூடிய ஒரே ஆள் நான்.

சரி, எடுத்ததுகூடப் போகட்டும். அவள் கேட்டபோது “ஆமா, நான்தான், விதி அப்படி” என்று சொல்வதில் என்ன வந்தது? வேலையில் அது சாதாரணம். தினமும் நாலு பேருடைய டேக்கை மாற்றுகிறேன், முகத்துக்கு நேரே சொல்கிறேன். இதில் மட்டும் ஏன் ‘எடுத்திருப்பாங்க’? ‘எடுத்திருப்பாங்க’வில் அந்த ‘ங்க’ யார்? நினைத்துப் பார்த்தால் ஒன்றுதான் தோன்றுகிறது. டீ குடித்துக்கொண்டு ஹேனியைப் பற்றிப் பேசிய அக்காவும், மறுநாள் டெலீட் பட்டனை அழுத்திய அக்காவும் ஒரே ஆளாக இருப்பதை அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். முந்தின நாள் ஆர்தர் ஃப்ரீடைக் கொஞ்சம் திட்டிவேறு இருந்தேன்.

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து வேறு ஏதோ ஃபைலில் ஹிஸ்டரி பகுதியைத் திறந்தேன். யார் எந்த டேக்கை எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்று எம்ப்ளாயி ஐடியோடு அதில் இருக்கும். லீடுகளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் தெரியும். ஃபைல் திரும்பி வந்ததும் அவள் முதலில் பார்த்திருக்கக்கூடியது அதைத்தான். அப்படியானால் “நீங்களாக்கா எடுத்தீங்க?” என்று கேட்டபோது அவளுக்குப் பதில் தெரியும். அல்லது தெரியாது. அவள் ஹிஸ்டரியைத் திறந்தாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டுவிட்டு “ஓகேக்கா” என்று போனாள். அந்த ‘ஓகேக்கா’வை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் வேறு அர்த்தம் வருகிறது.

இதற்குப் பிறகு ஹேனியை முன்போல் பார்க்க முடியவில்லை. அவரைப் பற்றி நான் சொன்ன கதையிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாரும் கவனிக்காத கலைஞர் என்று நான் உருகுகிறேன், சரி. உண்மையில் அவருக்கு நடந்தது என்ன? 1954இல் நியூயார்க்கின் நாடக உலகமான பிராட்வேயில் ‘தி பஜாமா கேம்’. நடனம் அமைத்தது ஃபாஸி. ‘ஸ்டீம் ஹீட்’ என்ற பாட்டில் கறுப்பு சூட்டும் தொப்பியுமாக இரண்டு ஆண்களோடு ஹேனி ஆடினார், நாடகத்துக்கான டோனி விருது வாங்கினார். 1957இல் அதே நாடகம் டோரிஸ் டே நடிக்கப் படமானபோது அதிலும் அவரே ஆடினார். 1958இல் பிராட்வேயில் ‘ஃப்ளவர் ட்ரம் சாங்’ நாடகத்தைக் கெல்லி இயக்கினார், நடன அமைப்பு ஹேனி. அசிஸ்டன்ட் என்ற சொல்லே அங்கு இல்லை. 1964 மார்ச்சில் ‘ஃபன்னி கேர்ள்’, அதற்கும் நடனம் அவர்தான். அது மேடையேறிய ஆறு வாரங்களில் இறந்துபோனார். 39 வயது. இவ்வளவு செய்தவரை ‘பாவம்’ என்று நான் ஏன் சொல்லிக்கொண்டிருந்தேன்? டீ நேரத்தில் இதில் எதையும் சொல்லவில்லை. தெரிந்தேதான் விட்டேன், கதை கெட்டுவிடும் என்று.

இன்னொரு பக்கம், ‘தி பஜாமா கேம்’ நாடகத்தின் பெயரை எடுத்தால் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது ஹேனி மேடையேறிய இரவுகள் இல்லை. காலில் அடிபட்டு அவர் வராமல் போன இரவு. அவருக்குப் பதிலாக, பின்னாளில் பெரிய நடிகையான ஷெர்லி மெக்லேன் ஏறினார், சினிமாத் தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் கண்ணில் பட்டார், சினிமாவுக்குப் போனார். எங்கே தேடினாலும் ஹேனி இன்னொருவர் கதையில் ஒரு வரியாக வருகிறார். கெல்லியின் அசிஸ்டன்ட், ஃபாஸியின் ஜோடி, மெக்லேனுக்கு வழிவிட்டவர். நானும் அந்தப் பெண்ணிடம் எப்படி ஆரம்பித்தேன்? “பக்கத்துல ஆடுறார் பாரு, அவர்தான் பாப் ஃபாஸி.” அவள் கேட்டது ஃபாஸியை இல்லை.

‘தி பஜாமா கேம்’ படத்தில் ஹேனிக்கு என்ன வேடம் தெரியுமா? முதலாளியின் செக்ரட்டரி, கிளாடிஸ். கம்பெனிக் கணக்குப் புத்தகத்தின் சாவி அவள் கழுத்தில் இருக்கும். அந்தச் சாவிக்காகக் கதாநாயகன் அவளை வெளியே கூட்டிப்போவான். சாவி கிடைத்ததும் கதை நாயகன் பின்னால் போய்விடும். இதையும் டீ நேரத்தில் சொல்லியிருக்கலாம். அவள் சிரித்திருப்பாள்.

அவள் எட்டு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சம்பளம், பகல் ஷிப்ட். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடைசி நாளில் கேக் வெட்டினோம், என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அதைச் செய்தேன். கிளையன்டுக்குக் கேள்வி அனுப்ப ஒரு படிவம் உண்டு. பட்டியலில் விட்டுப்போன பெயர் என்று தோன்றினால் காட்சி, நேரம், பெயர் போட்டு அனுப்பலாம். நாலு நிமிட வேலை. அந்த முதல் நாளே அனுப்பியிருக்கலாம். கேள்விகளின் எண்ணிக்கை வாராந்திர ரிப்போர்ட்டில் ஏறும், லீடு விதியைச் சரியாக விளக்கவில்லை என்று மேலே பேச்சு வரும், அதனால் நாங்கள் யாரும் அனுப்புவதில்லை. அவள் போன பிறகு, எதற்கென்று தெரியவில்லை, ஒரு ராத்திரி உட்கார்ந்து அனுப்பினேன். கரோல் ஹேனி, ஜீன் காய்ன். அவள் தேடி எடுத்த அதே ஸ்பெல்லிங்கை ஹிஸ்டரியிலிருந்து காப்பி செய்துதான் போட்டேன்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. இரண்டு பெயரையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இவ்வளவு கூர்மையாகப் பார்த்ததற்கு நன்றி என்று என் பெயர் போட்டு ஒரு மெயில், மேனேஜருக்கும் காப்பி. அவர் அதை டீம் மீட்டிங்கில் சத்தமாக வாசித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். “இதை முதல்ல பார்த்தது நான் இல்ல” என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் அப்படியானால் அன்றைக்கு ஏன் எடுத்தாய் என்று அடுத்த கேள்வி வரும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்தான். எனக்கு அப்படித் தோன்றியது. “தேங்க்ஸ்” என்றேன்.

அந்த மாதம் 500 ரூபாய்க்கு ஒரு கூப்பன் கொடுத்தார்கள். வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பிரியாணி வாங்கினேன். அவள் நம்பர் இன்னும் போனில் இருக்கிறது. தீபாவளிக்கு, பொங்கலுக்கு வாழ்த்து வரும், நானும் அனுப்புவேன். போன பொங்கலுக்கு வாழ்த்துக்குக் கீழே ‘இப்பவும் பழைய படம் பாக்கறீங்களாக்கா?’ என்று கேட்டிருந்தாள். நேரம் கிடைப்பதில்லை என்று எழுதினேன்.