ஆன்டிபாடி எண் இறங்கிவிட்டது என்று கவலைப்படுபவர்களுக்கு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் நான். கொரோனா ஆன்டிபாடி (கிருமியைப் பிடித்து முடக்க உடம்பு தயாரிக்கும் புரதம்) அளவு கேட்டு வந்த மாதிரிகள் எவ்வளவோ என் கை வழியாகப் போயிருக்கின்றன. ரிப்போர்ட்டை வாங்கிப் போனவர்கள் திரும்பக் கூப்பிட்டால் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "போன தடவை அவ்வளவு இருந்தது, இப்போது பாதிகூட இல்லையே, தடுப்பூசி வேலை செய்யவில்லையா?" இன்றைக்கும் யாராவது கேட்கிறார்கள். கவுன்டரில் நின்றபடி சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கிருமி மூக்கில் நுழைந்து செல்லின் மேலுள்ள ஏஸ்2 புரதத்தைப் பற்றிக்கொள்ளும் அந்த ஆரம்ப மணி நேரங்களில், அது உடம்புக்குப் புதிதாக இருந்தால், அதற்கென்று தயாரான ஆன்டிபாடி அநேகமாக ஒன்றுமே இருக்காது. அப்போது காப்பது இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம். 1957இல் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. தொற்றிய செல் இதை வெளியே விடும். பக்கத்துச் செல்கள் உஷாராகி, கிருமி தன்னைப் பெருக்கிக்கொள்ள வழிவிடாமல் அடைக்கும். கொரோனா கிருமியிடம் இந்த எச்சரிக்கையை அமுக்கிவிடும் புரதங்கள் உண்டு. அதனால்தான் காய்ச்சல் வருவதற்கு முன்பே அது நன்றாகப் பெருகிவிடுகிறது. 2020இல் கசனோவா என்ற விஞ்ஞானியின் குழு வெளியிட்ட ஆய்வில், உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போனவர்களில் சுமார் 10% பேருக்குத் தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தது தெரிந்தது. ஆன்டிபாடி என்றாலே நல்லது என்று நினைப்பவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்வேன்.

தடுப்பூசி போட்ட பிறகு அந்தக் கைப்பக்கத்து அக்குளில் நெறி கட்டிவிட்டது என்று பலர் பயந்தார்கள். எனக்கும் கட்டியது. தொட்டுப் பார்த்தபோது உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் முக்கியமான வேலை முழுவதும் அங்கேதான் நடக்கிறது. ஊசி இறங்கிய தசையிலிருந்து தூது போகும் டென்ட்ரிடிக் செல்கள், கிருமியின் மேல் முள்போல் நிற்கும் ஸ்பைக் புரதத்தின் துண்டுகளைச் சுமந்துகொண்டு அந்த நிணநீர்க் கணுவுக்கு வருகின்றன. அங்கே இருக்கும் எண்ணற்ற டி செல்களில் (மற்ற செல்களுக்கு உதவும், தொற்றிய செல்களை அழிக்கும் வெள்ளணுக்கள்) அந்தத் துண்டு பொருந்துபவை மிகச் சில. பொருந்தியவை பெருகத் தொடங்கும். அப்புறம் ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளணுக்களான பி செல்கள் அங்கேயே ஜெர்மினல் சென்டர் என்ற இடத்தில் கூடி, தங்கள் ஆன்டிபாடிக்கான மரபணுவின் எழுத்துகளைத் தாங்களே மாற்றிப் பார்க்கும். எந்த மாற்றம் ஸ்பைக்கை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறதோ அந்தச் செல்லுக்கு டி செல்லின் உதவி கிடைக்கும். மற்றவை செத்துப்போகும். இந்தத் தேர்வு திரும்பத் திரும்ப நடக்கும். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், எம்ஆர்என்ஏ தடுப்பூசி போட்டவர்களின் அக்குள் கணுவில் ஊசி போட்டு செல்களை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது ஊசி போட்டு 12 வாரம் கழித்தும் அந்த வேலை நிற்கவில்லை என்று 2021இல் வெளியிட்டார்கள்.

சரி, நாங்கள் எடுப்பதோ ரத்தம். ரத்தத்தில் எண் உச்சம் தொட்டு இறங்க ஆரம்பித்த அதே காலத்தில், கணுவுக்குள் ஆன்டிபாடியின் தரம் கூடிக்கொண்டிருக்கிறது. ரிப்போர்ட்டில் அது தெரியாது.

எண் இறங்குவதற்குக் காரணமும் எளிது. முதல் வேகத்தில் ஆன்டிபாடியைக் கொட்டிய செல்களில் பெரும்பாலானவை சீக்கிரமே இறந்துவிடும். அவை விட்டுச்சென்ற ஐஜிஜி (ரத்தத்தில் அதிகம் இருக்கும் ஆன்டிபாடி வகை) சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகும். யாரும் புதிதாகத் தயாரிக்கவில்லை என்றால் சில மாதங்களில் மொத்தமும் காலியாகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லையே! பி செல்களிலிருந்து உருவாகி எலும்பு மஜ்ஜைக்குள் போய்த் தங்கிவிட்ட பிளாஸ்மா செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. தொற்று வந்து ஏழு மாதம் கழித்தும், 11 மாதம் கழித்தும் மஜ்ஜையில் அவற்றைக் கண்டிருக்கிறார்கள். இவை போக, நினைவு பி செல்கள் சும்மா இருப்பதுபோல் இருந்து, கிருமி மறுபடி வந்தால் சில நாட்களில் பெருகிவிடும்.

டி செல்லின் கதை இன்னும் பெரிது. 2003இல் கொரோனாவின் உறவுக் கிருமியால் வரும் சார்ஸ் வந்து பிழைத்தவர்களிடம் 17 வருடம் கழித்தும் அந்தக் கிருமியை அடையாளம் காணும் டி செல்கள் இருந்ததைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2021 கடைசியில் வந்த ஓமிக்ரானின் ஸ்பைக்கில் 30க்கும் மேற்பட்ட மாற்றங்கள். பழைய ஆன்டிபாடிகள் பல அதைப் பிடிக்க முடியாமல் போயின. ஊசி போட்டவர்களுக்கும் தொற்று வந்தது. டி செல் பார்ப்பது புரதத்தின் முழு வடிவத்தை இல்லை, செல்லுக்குள் வெட்டப்பட்ட சிறு துண்டுகளை. அவற்றில் பெரும்பாலானவை மாறவில்லை. தொற்று வந்தவர்களில் நிறையப் பேர் மூச்சுத்திணறல் வரை போகாததற்கு இது பெரிய காரணம். ஆனால் டி செல்லை அளக்க உயிருள்ள செல்களை எடுத்து, புரதத் துண்டுகளோடு சேர்த்து வைத்து, அவை என்ன செய்கின்றன என்று காத்திருந்து பார்க்க வேண்டும். எங்கள் ஆன்டிபாடி மெஷினில் அது முடியாது.

என் அக்காவுக்கு முடக்குவாதம். ரிட்டுக்சிமேப் ஏற்றிக்கொள்கிறாள். அது பி செல்களைத் துடைத்துவிடும் மருந்து. தடுப்பூசி போட்டபின் அவளுக்கு எடுத்த பரிசோதனையில் ஆன்டிபாடி அளவிடும் வரம்புக்கும் கீழே வந்தது. போனில் அழுதுவிட்டாள். "எனக்கு ஒன்றுமே இல்லையாடி" என்றாள். ஒன்றுமே இல்லை என்பது சரியில்லை. இப்படி பி செல்களை நீக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் தடுப்பூசிக்குப் பின் டி செல்கள் நன்றாக எழுந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிறவியிலேயே பி செல் இல்லாதவர்கள் சிலர் கொரோனாவிலிருந்து மீண்டதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் அவளுக்கு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பதையும் மறைக்கவில்லை. அவளுடைய டாக்டர் அடுத்த ரிட்டுக்சிமேப் ஏற்றுவதற்கு முன், பி செல்கள் கொஞ்சம் திரும்பிவரும் சமயம் பார்த்து, அடுத்த ஊசிக்கு நாள் குறித்துக்கொடுத்தார்.

ஆன்டிபாடிக்கு மதிப்பில்லை என்று சொல்ல வரவில்லை. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால், அளவு கூடியவர்களுக்குத் தொற்று குறைவாகத்தான் வருகிறது. கிருமி செல்லுக்குள் நுழைவதையே தடுப்பது ஆன்டிபாடிதான். ஒரு தனி ஆளிடம், இந்த எண்ணுக்கு மேல் பத்திரம், கீழே ஆபத்து என்று கோடு போட முடியாது என்பதே என் பேச்சு. 2021 மே மாதமே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, தடுப்பூசிக்குப் பின் எதிர்ப்பு சக்தியை மதிப்பிட இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இன்னொன்று: கையில் போடும் ஊசி ரத்தத்தில் ஐஜிஜியை நன்றாக ஏற்றுகிறது, மூக்கின் ஈரப்பரப்பில் காவல் நிற்கும் ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வகையை அவ்வளவாக ஏற்றுவதில்லை. கிருமி வரும் வழி மூக்கு. எண் உச்சத்தில் இருந்தவருக்கும் சளி பிடிப்பது அதனால்தான்.

எங்கள் மெஷின் தெளிவாகப் பதில் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: எனக்கு ஏற்கெனவே கொரோனா வந்ததா? ஸ்பைக்கை மட்டும் காட்டும் தடுப்பூசி போட்ட ஒருவருக்கு, கிருமியின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு ஆன்டிபாடி இருந்தால், அநேகமாகத் தொற்று வந்து போயிருக்கிறது. முழுக் கிருமியையும் செயலிழக்கச் செய்து தயாரித்த ஊசி போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, ஊசியே அந்தப் புரதத்தையும் காட்டிவிடும். பரிசோதனைக்கு வரும்போது எந்த ஊசி போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.